ஆறுக்குட்டியின் பெயரில் செத்தவன்

முதலில் தண்ணீரை எடுத்தார்கள். கருவேலம்பாளையம் நூல் மில்லின் கேட்டுக்கு வெளியே, போகிறவன் வருகிறவன் எல்லாம் குனிந்து குடித்துக்கொண்டிருந்த குழாயைப் பிடுங்கி உள்ளே நட்டு, மில் வேலைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் தாகம் எடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். அடுத்து சங்கை எடுத்தார்கள். ஊருக்கே நேரம் சொன்ன அந்தச் சங்கு வேலை தொடங்கும்போது ஊதியது, முடியும்போது ஊத மறந்தது, பிறகு எப்போதுமே ஊதவில்லை. அதற்கு அடுத்து நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் இருந்த பெண்களை எடுத்தார்கள். புது மெஷின் வந்துவிட்டது, வீட்டில் குழந்தைகள் காத்திருக்கும், போய் வாருங்கள் அம்மா என்று ஆளுக்கு ஒரு முழம் பூ கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு அடுத்து, புளோ ரூமில் பஞ்சு அடிக்கிற மெஷினின் பெல்ட்டை மூடியிருந்த இரும்புக் கூண்டை எடுத்தார்கள். கூண்டு இருந்தால் சிக்கிய பஞ்சை எடுக்க மெஷினை நிறுத்த வேண்டியிருக்கிறது என்று கழற்றி வெயிலில் வீசினார்கள், வாட்ச்மேன் அதில் கோழி அடைத்தான். கடைசியாகப் பெயரை எடுத்தார்கள்.

வரிசை முக்கியம். வேலாத்தாள் எத்தனையோ கூட்டங்களில் இதைச் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவைகூட வரிசையை மாற்றியதில்லை, ஏனென்றால் கலைத்துப் போட்டுச் சொன்னால் எல்லாம் தற்செயல் போலத் தெரியும், நடந்தபடி அடுக்கிச் சொன்னால்தான் அதற்குள் ஒரு கை வேலை செய்வது தெரியும். ரீலிங்கில் இருந்து அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. கொடுத்த பூவை மேனேஜரின் கார்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு வந்தவள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததே மைதானக் கூட்டங்களில் தரையில் பரப்பி விற்ற சிறு பிரசுரங்களில்தான். அவற்றில் அட்டை போன ஒன்று தர்க்கத்தைப் பற்றியது. அதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். ஒன்று அதுவாகத்தான் இருக்கும், வேறொன்றாக இருக்காது. ஒன்று இருந்துகொண்டே இல்லாமலும் இருக்காது. ஒன்று உண்டு, அல்லது இல்லை, இரண்டுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்க இடம் கிடையாது. இந்த மூன்று விதிகளையும் படித்தபோது, இதைச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டுமா, ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியுமே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரிந்தது கருவேலம்பாளையத்துக்குத் தெரியாமல் போகும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை.

பெயரை எடுத்த விதம் இது. மில்லில் நிரந்தரக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. அவன் வராத நாளில் அந்த டோக்கனை வாங்கிக்கொண்டு இன்னொருவன் உள்ளே போவான். அவனுக்குப் பதிலி என்று பெயர். பழைய காலத்தில் பதிலிக்கும் சொந்தப் பெயர் இருந்தது. பிறகு அதை வேண்டாம் என்றார்கள். டோக்கன் யாருடையதோ அவன் பெயர்தான் உள்ளே வருகிறவனின் பெயர், வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவனையும் சேர்த்து வெளியே அனுப்புவோம் என்றார்கள். ஆகவே மச்சானை மச்சான் என்று கூப்பிட முடியாமல், கூடப் பிறந்தவனைக் கூடப் பிறந்தவன் பெயரில் கூப்பிட முடியாமல், கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் யார் யாராகவோ ஆனார்கள். கொஞ்ச நாளில் அது நாக்கில் ஏறிவிட்டது. வீட்டில் மனைவியின் பக்கத்தில் படுத்திருக்கும்போது டோக்கன் பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிற ஆண்கள்கூட இருந்தார்கள்.

வேலாத்தாளின் தம்பி நஞ்சப்பன், மஞ்சள் காட்டுக்காரன் ஆறுக்குட்டியின் டோக்கனில் புளோ ரூமில் வேலை பார்த்தான். ஆறுக்குட்டி தன் ஊரில் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் வந்தே வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் உச்சிப்பொழுதில் கூண்டில்லாத பெல்ட் நஞ்சப்பனின் சட்டைக் கையைப் பிடித்தது. பிறகு கையைப் பிடித்தது. பிறகு அவனை முழுவதுமாக உள்ளே இழுத்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் அவனோடு ஒரே தூக்குச் சட்டியில் சோறு தின்றவர்கள், அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள், அப்படியிருந்தும் அந்த நொடியில் பழக்கம் முந்திக்கொண்டது. ஆறுக்குட்டி, ஆறுக்குட்டி என்று கத்தினார்கள். அவன் கடைசியாகக் கேட்ட பெயர் அவனுடையதல்ல. போலீஸ்காரர் வந்து செத்தது யார் என்று கேட்டபோதும், மேஸ்திரி முறைத்துக்கொண்டு நின்றதால், ஆறுக்குட்டி என்றே சொன்னார்கள். மில் டாக்டரும் ஆறுக்குட்டி என்றே எழுதினார்.

அதனால் சாவுக்கு வழி தெரியாமல் போயிற்று. கூப்பிட்ட பெயருக்குரியவன் மஞ்சள் காட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். செத்த உடம்புக்குரிய பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஓடைக்கரை மயானத்தில் நஞ்சப்பனை எரித்துவிட்டு வேலாத்தாள் தலை முழுகி, ஈரச் சேலையோடு தம்பி வீட்டு வாசலுக்கு வந்தபோது, உள்ளே அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது, ரசம் இருக்கிறதா என்று மனைவி மயிலாளைக் கேட்டுக்கொண்டிருந்தான். மயிலாள் அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள். ஒப்பாரிக்கு வந்திருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள், ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு, ரசத்துக்குப் பூண்டு தட்டட்டுமா என்று கேட்டாள்.

அவன் உயிரோடிருந்தான், செத்தும் இருந்தான். மூக்கருகே கண்ணாடி பிடித்தால் மூச்சுப் படியாது. ஆனால் ஆறிப்போன டீயைக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பான். கை சூடாக இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டே நாடியைத் தேடினால் இருக்காது. தலையில் ஒட்டிய பஞ்சு எத்தனை தடவை சீவினாலும் போகவில்லை. கருமாதி அன்று அவனுக்காகக் கூரைமேல் வைத்த சோற்றைக் காக்கை வந்து தின்றது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன், உப்புக் குறைவாக இருந்திருக்கும், பாவம், என்றான்.

ஊர் இதைச் செரித்த வேகத்தை நினைத்தால் வேலாத்தாளுக்கு இப்போதும் காறித் துப்பத் தோன்றும். ஒரு குழாயைத் திருப்பி வாங்க ஒன்றுசேர முடியாத ஊர், ஒரு சாவை இரண்டாகப் பிளந்து பங்கு வைக்க ஒரே வாரத்தில் ஒன்றுசேர்ந்தது. மயிலாள் பொட்டு வைத்துக்கொள்ளலாம், பூ வைக்கக் கூடாது என்று பெரிய வீட்டுப் பெண்கள் கூடித் தீர்மானித்தார்கள். தாலி இருக்கலாம், ஆனால் முந்தானைக்குள் இருக்கவேண்டும். மாரியம்மன் கோயில் கமிட்டி, நஞ்சப்பன் கொடிக்கம்பம்வரை வரலாம், உயிரோடிருப்பதற்காக அது, உள்ளே வரக் கூடாது, செத்ததற்காக இது என்றது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவனுக்குப் பத்திரிகை வைத்தார்கள், வைத்துவிட்டு வரவேண்டாம் என்றும் சொன்னார்கள். அவன் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு ஒருவன் ஏதாவது ஒரு பக்கம் முழுதாக இருக்கவேண்டும்.

பிறகு ஊருக்கு அதன் ருசி பிடித்தது. நஞ்சப்பனுக்கு ஆகிறது நமக்கு ஏன் ஆகக் கூடாது என்று ஆளுக்கு ஆள் நடுவில் பாய் விரித்தார்கள். கிழக்குத் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த டீக்கடைக்காரர், என் கடையில் தனி டம்ளரே கிடையாது என்று சொல்லிக்கொண்டே அந்த டம்ளரைக் கழுவித் தனியாகக் கவிழ்த்தார், கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, இன்னும் வரவில்லை என்று ஒரே மேடையில் பேசினார், இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது. முதல்நாள் இரவு மனைவியை அடித்தவன் காலையில், அடித்தேன், அடிக்கவில்லை என்றான். மாமனார் வீட்டுக்காரர்கள் சமாதானமாகிப் போனார்கள். எதிர்த்துக் கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், ஏனென்றால் எதைக் கேட்டாலும் ஆமாம் என்ற பதில் கிடைத்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இல்லை என்ற பதிலும் கிடைத்தது, இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவனுக்கு மறுபடி வந்து சண்டை போடக் காரணம் இருக்கவில்லை.

வேலாத்தாள் சங்க ஆபீசுக்குப் போய், பிரசுரத்தை நீட்டி, ஒருவன் செத்தும் சாகாமலும் இருக்க முடியுமா என்று கேட்டாள். செயலாளர் தோழர் பத்மநாபன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். உலகத்தில் எல்லாப் பொருளும் தனக்குள் தன் எதிரியை வைத்திருக்கிறது, முரண்பாடுதான் இயக்கம், அம்மா வைத்திருக்கும் அந்தப் பழைய தர்க்கம் பணக்காரர்கள் கட்டிய கூண்டு, அதை உடைத்துவிட்டு வந்து பார்த்தால் தம்பி நஞ்சப்பன் வரலாற்றின் உயிருள்ள உதாரணம் என்று தெரியும் என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெல்ட்டின்மேல் இருந்த கூண்டைக் கழற்றியவர்களும் இதையேதான் சொன்னார்கள் என்றாள். விதை முளைக்கும்போது விதை இல்லாமல் போகிறது, அது எனக்கும் தெரியும், ஆனால் முளைத்துவிட்டது என்றும் முளைக்கவில்லை என்றும் ஒரே குத்தகைக்காரன் ஒரே நாளில் சொன்னால் அவனுக்குப் பெயர் இயக்கமல்ல, திருடன், என்றாள்.

"தோழர், நீங்க மில் ஆபீசர் ரூம்ல டீ குடிச்சீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டாள்.

தோழர் பத்மநாபன் கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டு, அதை அவ்வளவு எந்திரத்தனமாகப் பார்க்கக் கூடாது என்றார்.

அந்தப் பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அவள் அதுவரை சரியாகப் புரிந்துகொள்ளாத ஒன்று இருந்தது. ஒரே ஒரு முரணை உண்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதை வைத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்று. மில்லின் லேபர் ஆபீசர் அதைப் படிக்காமலே புரிந்துகொண்டிருந்தார். அவர் ஆறுக்குட்டியைக் காரில் கூட்டி வந்து கேட்டில் நிறுத்தினார்; மஞ்சள் படிந்த விரல்களோடு அவன் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். ஆறுக்குட்டி செத்தான் என்று சொன்னது நீங்கள்தான், இதோ ஆறுக்குட்டி என்றார் ஆபீசர். நஞ்சப்பன் என்று ஒருவன் எங்கள் மில்லில் வேலையே பார்க்கவில்லை, பார்க்காதவன் இங்கே எப்படிச் சாவான், அவன்தான் வீட்டில் ரசம் கேட்கிறானாமே. ஆகவே சாவு இல்லை. சாவு இல்லாததால் விபத்து இல்லை. விபத்து இல்லாததால் பெல்ட் பத்திரமானது. பத்திரமான பெல்ட்டுக்குக் கூண்டு கேட்பவர்கள் மில்லைக் கெடுக்க வந்தவர்கள். மில் கெட்டால் கெடுவது தொழிலாளி, ஆகவே கூண்டு கேட்பவர்கள்தான் தொழிலாளியின் எதிரிகள், நாங்கள்தான் சங்கம். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வேலாத்தாளை நடுங்க வைத்தது.

மறுநாள் மேஸ்திரி நஞ்சப்பன் வீட்டுக்கு வந்தான். உயிரோடுதானே இருக்கிறாய், சும்மா உட்கார்ந்திருக்கிறாயே, டோக்கன் காலியாக இருக்கிறது என்றான். நஞ்சப்பன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அன்று உச்சிப்பொழுதில் பெல்ட் அவன் சட்டைக் கையைப் பிடித்தது, பிறகு கையைப் பிடித்தது, பிறகு அவனை முழுவதுமாக உள்ளே இழுத்தது. ஆறுக்குட்டி, ஆறுக்குட்டி என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். பொழுது சாயும்போது அவன் தலையில் பஞ்சோடு வீட்டுக்கு வந்து ரசம் இருக்கிறதா என்று கேட்டான். அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. தினமும் சாகவும் தினமும் வேலைக்கு வரவும் தயாராக இருக்கும் ஆளை எந்த முதலாளியும் அதற்குமுன் கனவில்கூடக் கண்டதில்லை; மேனேஜர் அவனைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் தட்டினார், தட்டிய கையைப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஊர் அதையும் செரித்தது. சங்கு ஊதாத ஊரில் அந்தக் கூச்சல் நேரம் காட்டியது. மில் சுவரைத் தாண்டி ஆறுக்குட்டி, ஆறுக்குட்டி என்று சத்தம் வந்ததும் பெண்கள் சோற்றை வடித்தார்கள், வாத்தியார்கள் பிள்ளைகளைச் சாப்பிட விட்டார்கள், பஸ்காரன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டான். இன்றைக்குக் கொஞ்சம் தாமதம் போலிருக்கிறதே என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு.

மயிலாளுக்கு மட்டும் அவன் தினமும் சாவது தெரியாது. சுவருக்கு வெளியே எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோரும் சேர்ந்து அவளிடம் மறைத்தார்கள். மத்தியானம் கேட்பது ஏதோ சிப்ட் மாறும் கூச்சல் என்று சொல்லிவைத்திருந்தார்கள், அவளும் அதைக் கேட்டுத்தான் உலை இறக்கினாள். அவளுக்கு வேண்டியது மாலையில் சுவரில் சாய்ந்து உட்கார ஒரு முதுகு, பிடித்துக்கொள்ளச் சூடான ஒரு கை. அது கிடைத்துக்கொண்டிருந்தது.

வேலாத்தாள் தம்பியை மில் கேட்டில் வழிமறித்தாள்.

"வலிக்குதாடா?"

"வலிக்குதுக்கா. வலிக்கவும் இல்லை."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"அது முடிஞ்சா நான் எதுக்கு இங்க வர்றேன்," என்றான் நஞ்சப்பன். "உட்டுரு அக்கா. மயிலா பாவம்."

அவள் விடவில்லை. கேட்டின் எதிரே ஒரு மாட்டு வண்டிமேல் ஏறி நின்று, சிப்ட் முடிந்து வருகிறவர்களைப் பார்த்து, அன்றைக்குச் செத்தது யார், நஞ்சப்பனா இல்லையா, பார்த்தவன் சொல்லு என்று கேட்டாள். தொண்டை கிழியக் கேட்டாள். வரிசையாக எல்லாக் கொடுமைகளையும் அடுக்கி அதன் கடைசியில் இதை வைத்துக் கேட்டாள். புளோ ரூம்காரர்கள் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நஞ்சப்பன் என்று சொன்னால் அவன் பதிலி என்று ஆகும்; அவன் பதிலி என்றால் அதைச் சொல்கிறவன் யார் என்ற கேள்வி வரும். அவர்களில் பாதிப்பேர் வேறு யாரோவாகத்தான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய் மயிலாளிடம், அந்தக் கூச்சல் எது என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். இதமாகச் சொல்லத் தெரிந்த வாய் இல்லை அது. நஞ்சப்பன் செத்துவிட்டான் என்று ஊர் கூடிச் சொன்னால்தான் அவன் சாவான், செத்தால்தான் அந்த மெஷின் ஆளைக் கொல்லும் மெஷின் என்று ஆகும், இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவன், நாளன்றைக்கு இன்னொருவன், எல்லோரையும் இப்படியே மென்று மென்று துப்பிக்கொண்டிருப்பார்கள் என்றாள். மயிலாள் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கொடி போத்தறதுக்கு ஒரு பொணம் வேணும்," என்றாள். "என்ற ஊட்டு ஆளைக் கேக்கறீங்க. வேற ஊட்டுல போய்க் கேளுங்க."

வேலாத்தாள் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பொய்யாக இருந்தால் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்குச் சோத்துத் தூக்கை ஆள்கிட்டக் குடுத்து உடாதே, அம்மிணி. நீயே கொண்டு போ. சத்தம் வர்ற நேரத்துக்குப் போ."

மயிலாள் போனாள். நாத்தனாரின் வாயை அடைப்பதற்காகவே போனாள். கேட்டுக்குப் பக்கத்தில், புளோ ரூம் ஜன்னலுக்கு நேரே, தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். வாட்ச்மேன் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். மெஷினின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, பிறகு ஏதோ கெட்டியானதைக் கடித்ததுபோல இறங்கியது, ஆறுக்குட்டி, ஆறுக்குட்டி என்று ஆட்கள் கத்தினார்கள், அந்தக் கூச்சலுக்கு அடியில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு குரல், காய்ச்சலில் படுக்கும்போது முனகுகிற அதே குரல், முனகலாக ஆரம்பித்து முனகலாக இல்லாமல் போயிற்று. வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்த்தான். ஆச்சும்மா, தூக்கை வச்சுட்டுப் போங்க, சாயந்தரம் எந்திரிச்சு வருவாப்ல என்றான், கடலைத் தோலை ஊதியபடி.

அவள் தூக்கை வைக்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்து வேலாத்தாளின் வாசலில் இறக்கினாள்.

"தினமுமா?" என்றாள்.

"தினமும்."

"ஊருக்கே தெரியுமா?"

"உன்னையத் தவிர."

மயிலாள் அழவில்லை. அன்று மாலை அவன் வந்து ரசம் கேட்டபோது ஊற்றினாள், சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தலையில் இருந்த பஞ்சை எடுக்க முயலவில்லை. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று வேலாத்தாளுக்குத் தெரியாது. காலையில் மயிலாள் வந்து, என்ன செய்யணும் சொல்லுங்க என்று மட்டும் கேட்டாள்.

வேலாத்தாளுக்கு இப்போது தன் பிசகு தெரிந்தது. உண்டா இல்லையா என்று மூன்றாவது விதியில் தொடங்கியிருந்தாள், அதுவும் ஒன்று அதுவாகத்தான் இருக்கும் என்ற முதல் விதியே இல்லாத ஆட்களிடம். தான் யார் என்று சொல்ல முடியாதவன் செத்தது யார் என்று எப்படிச் சொல்வான். ஆகவே அவளும் மயிலாளும் புளோ ரூம்காரர்கள் ஒவ்வொருவன் வீட்டுக்கும் போனார்கள், சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துப் போனார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் வைத்து, நீ யார் என்று மட்டும் கேட்டார்கள். வேறெதுவும் கேட்கவில்லை. ஒருவன் சிரித்தான், என்ன வேலாக்கா, வெயில்ல தலை கழண்டுபோச்சா என்றான். ஒருவன் டோக்கன் பெயரைச் சொன்னான். அவன் மகள் நிமிர்ந்து பார்த்தாள், அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, பழனிவேலு, மாசாணம் மகன் பழனிவேலு என்றான். அதன்பிறகு அவனும் அவர்களோடு அடுத்த வீட்டுக்கு வந்தான். ஒரு வீட்டில் தோசைக்கரண்டியால் விரட்டினார்கள். ஒரு வீட்டில் தன் பெயர் என்ன என்று ஒருவன் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

மஞ்சள் காட்டு ஆறுக்குட்டியிடமும் போனார்கள். அவன் முதலில் காலில் விழுந்தான், பிறகு கோபப்பட்டான், பிறகு, தினமும் மத்தியானம் தூங்கினால் யாரோ என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார்கள், ஏன் என்று கேட்டான். சொன்னார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனும் பஸ் ஏறினான்.

சாவுச் செய்தி ஒரு காகிதத்தில் அச்சாயிற்று. கறுப்புக் கட்டம் போட்டு, நடுவில் ஒரே வரி, செத்தவன் பெயர். அச்சகத்துக்காரன் இரங்கல் கவிதை போடட்டுமா என்று கேட்டதற்கு வேலாத்தாள் முறைத்த முறைப்பில் அவன் மெஷினை நோக்கித் திரும்பிக்கொண்டான்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டில் கூடினார்கள். சோறு வடிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஊரும், என்ன ஆகிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. தோழர் பத்மநாபன் ஒலிபெருக்கியோடு வந்து, தொடக்கவுரை ஆற்றலாமா என்று கேட்டார். வேலாத்தாள் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள். லேபர் ஆபீசர் கேட்டின் உள்பக்கம் வந்து நின்று, கூட்டம் நடக்கிறது என்பதே இல்லை, கலைந்து போங்கள் என்றார். நடக்காத கூட்டம் எப்படிங்க கலையும் என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள், வெகுகாலத்துக்குப் பிறகு அந்த ஊரில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

புளோ ரூமில் இருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருவனாகப் பித்தளை டோக்கனைக் கழற்றிக் கேட்டுக்கம்பியில் மாட்டிவிட்டு, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லிவிட்டு ஓரமாக நின்றான். சிலர் தடுமாறினார்கள். பழனிவேலு இரண்டு தடவை சொன்னான், முதல் தடவை தனக்கு, இரண்டாம் தடவை ஆபீசருக்கு. மேஸ்திரி ஓடிவந்து டோக்கன்களைப் பிடுங்கப் பார்த்தான். எவனுடையதைப் பிடுங்குவது என்று தெரியாமல் நின்றான். கடைசியாக ஆறுக்குட்டி முன்னால் வந்தான்.

"நான்தானுங் ஆறுக்குட்டி. நான் சாகலீங். அன்னைக்கு நான் மஞ்சக்காட்டுல இருந்தேன். என்ற பேரை உடுங்க."

எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாசலில் நஞ்சப்பன் மட்டும் நின்றுகொண்டிருந்தான், வெயிலுக்குக் கண்ணை இடுக்கியபடி, தலையில் பஞ்சோடு, பொழுது நெருங்கிவிட்டது, நான் போகவேண்டுமே என்பதுபோல ஒரு காலை உள்ளே வைத்தபடி.

வேலாத்தாள் காகிதத்தைப் பிரித்தாள். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பெயர்களை அவள் வாசித்திருக்கிறாள், லத்திக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறாள், குரல் ஒருநாளும் உடைந்ததில்லை, இன்றும் உடைந்திருக்காது. மயிலாள் கை நீட்டி அதை அவளிடமிருந்து வாங்கினாள்.

"நீங்க படிச்சா அது கூட்டமுங் அக்கா," என்றாள். "நான் படிச்சாத்தான் சாவு."

கட்டிய நாள் முதல் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ஏனுங்க என்பாள், இந்தாங்க என்பாள், பக்கத்து வீட்டாரிடம் எங்க ஊட்டுல என்பாள். அவள் காகிதத்தைப் பார்த்தாள், ஐந்தாவதுவரை படித்தவள், எழுத்துக் கூட்டத் தேவையில்லை, ஆனாலும் உதடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. ஆபீசர் வாட்ச்மேனைப் பார்த்துக் கைகாட்டினார். வாட்ச்மேன் அசையவில்லை.

மெஷின் வாசலில் இருந்து நஞ்சப்பன் சொன்னான்.

"மயிலா, சத்தமாப் படி. மெஷின் ஓடுது."

அவள் நிமிர்ந்து, காகிதத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் உள்ளே நின்றவர்களுக்கும் கேட்கும்படி படித்தாள்.

"மாரப்பன் மகன் நஞ்சப்பன்."